இறப்பர் தோட்டத்துக்கும் தேயிலை மலைக்கும் தாங்குகிற ட்யூப்லெஸ் டயர் எது?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார். எடை 75 கிலோ, 29 அங்குலச் சக்கரம் போட்ட ட்ரெயில் சைக்கிள். மாதத்தில் இரண்டு மூன்று ஞாயிறு நண்பரின் வானில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அவிசாவளைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களுக்குப் போகிறார். நீண்ட விடுமுறை வந்தால் ஹட்டன், நானுஓயாப் பக்கம் தேயிலைத் தோட்ட றோட்டுகள். போட்டிருப்பது மாக்ஸிஸ் கொம்பனியின் எக்ஸோ வகை டயர். ஆறு மாதத்துக்குள் பின் டயர் இரண்டு முறை பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. "மூன்றாவது தரமும் தள்ளிக்கொண்டு வர ஏலாது அண்ணா. உழைக்கிற மாதிரி ஒரு ட்யூப்லெஸ் டயர் சொல்லுங்கோ. எந்தக் கொம்பனி நல்லது?"

ட்யூப்லெஸ் என்றால் உள்ளே ட்யூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கிற ஒரு பாலை ஊற்றி ஓட்டுகிற டயர். கொம்பனிப் பெயரைப் பிறகு பார்ப்போம். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. முன் டயர் ஒரு தடவையும் போகவில்லை. நிலத்தில் படுகிற பூவில் ஒரு சேதமும் இல்லை. போனது இரண்டு முறையும் பின் டயர், இரண்டு முறையும் பக்கச்சுவர். சைக்கிளில் உங்கள் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் இருக்கிறது. கல்லைக் கண்டால் முன்சக்கரத்தைத் தூக்கித் தாண்டுவீர்கள், அல்லது ஹாண்டிலை ஒடித்து விலக்குவீர்கள். பின்சக்கரம் அதே கல்லில் போய் இடித்துக்கொண்டு வரும். அதனால் உங்களுக்கு வேண்டியது பின்னுக்கு மட்டும் தடித்த கேசிங் உள்ள ஒரு டயர். முன்னால் இருப்பதை அப்படியே விடுங்கள். பாதிக் காசு மிச்சம்.

கேசிங் என்றால் என்ன என்று கேட்பீர்கள். தேய்ந்த டயரைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் "நூல் தெரியுது, மாத்துங்கோ" என்பாரே, அந்த நூல்தான். நைலோன் நூலை நெருக்கமாக அடுக்கி இறப்பரில் தோய்த்த துணி. டயரின் உடம்பே அந்தத் துணிதான். பூ அதன்மேல் ஒட்டிய செருப்புத் தோல் மாதிரி. பக்கச்சுவரில் அந்தத் தோலும் இல்லை, துணியும் அதன்மேல் மெல்லிய இறப்பர்ப் பூச்சும் மட்டும்தான். கல் விளிம்பு வந்து உரசுவது அந்த இடத்தில்.

பெட்டியில் 60 டி.பி.ஐ, 120 டி.பி.ஐ என்று போட்டிருப்பார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற கணக்கு அது. 120 என்றால் நூல் கூட, ஆகவே உறுதியும் கூட என்றுதான் நானும் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவோடு புடைவைக் கடைக்குப் போய் நின்ற ஆட்களுக்கு இது உடனே விளங்கும். எண்ணிக்கை கூடினால் நூல் மெலிகிறது, துணி மெத்தென்று ஆகிறது. சாக்கில் நூல் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் தடிப்பு, கல்லில் போட்டு இழுத்தாலும் தாங்கும். ஒற்றை அடுக்கு டயரில் 60 என்பது கொஞ்சம் முரடு, கொஞ்சம் பாரம், வெட்டுக்குத் தாங்கும். 120 இலேசு, வேர் கல் எல்லாவற்றிலும் வடிவாக வளைந்து படியும், ஆனால் சீக்கிரம் வெட்டுப்படும். இரட்டை அடுக்கில் 120 வந்தால் மட்டும் கதை மாறும். மாக்ஸிஸின் டபுள் டவுன் அப்படிப்பட்டது.

ஒவ்வொரு கொம்பனியும் இந்த உடம்புக்கு ஒரு ஏணி வைத்திருக்கிறது. மாக்ஸிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள் டவுன், டி.எச் என்று ஏறும். ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்ட், சூப்பர் ட்ரெயில், சூப்பர் கிராவிட்டி, சூப்பர் டவுன்ஹில். கொன்டினென்டலின் புதிய வரிசையில் ட்ரெயில், எண்டியூரோ, டவுன்ஹில். ஸ்பெஷலைஸ்டில் கிரிட், கிரிட் ட்ரெயில், கிரிட் கிராவிட்டி. ஒரு கொம்பனியின் இரண்டாம் படியும் மற்றக் கொம்பனியின் இரண்டாம் படியும் அச்சொட்டாகச் சமம் இல்லை, ஆனால் ஏணி எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது தெரிந்தால் போதும். பாரத்தை வைத்தும் பிடிக்கலாம். 29 அங்குலச் சக்கரத்துக்கு 2.4 அங்குல அகலத்தில் முதற்படி ஏறக்குறைய 900 முதல் 1,000 கிராம், மூன்றாம் படி 1,200க்கு மேல். இணையக் கடையில் ஒரு டயர் 850 கிராம் என்று போட்டு "மிக உறுதியானது" என்றும் எழுதியிருந்தால், இரண்டாவதை நம்பாதீர்கள்.

உங்களுக்கு எந்தப் படி? அவிசாவளை மட்டும் என்றால் எக்ஸோ பிளஸ் அல்லது சூப்பர் ட்ரெயில் என்று சொல்லி முடித்திருப்பேன். அங்கே நிலம் செம்புறாங்கல்லும் களிமண்ணும் வேரும். வழுக்கி விழுத்தும், ஆனால் டயரை அறுக்கிற கல் குறைவு. தேயிலைத் தோட்ட றோட்டு வேறு சாதி. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பாவிய பாதைகள் அவை. மழை பெய்து பெய்து இடையில் இருந்த மண் கழுவிப்போய், உடைத்த கருங்கல்லின் விளிம்பு மட்டும் மேலே நிற்கிறது. இறக்கத்தில் வேகமாக வரும்போது இரண்டு கல்லுக்கு இடையில் டயர் நுழைந்தால் பக்கச்சுவர் சவர அலகில் தேய்த்த மாதிரித்தான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்ட றோட்டு, காலை பத்து மணி இருக்கும். ஒரு வளைவில் பின்னால் "டப்" என்று சின்னச் சத்தம், அடுத்த கணம் "ஸ்ஸ்ஸ்". குனிந்து பார்க்கிறேன், கெண்டைக்காலில் வெள்ளை வெள்ளையாகத் தெறித்திருக்கிறது. வெட்டு முக்கால் அங்குலம் இருக்காது, ஒரு உதடு மாதிரித் திறந்து பால் கக்குகிறது. சக்கரத்தைச் சுழற்றி வெட்டைக் கீழே கொண்டுவந்து பிடித்தேன், அடைபடவில்லை. ஓட்டையை அடைக்கிற இறப்பர்த் திரி ஒன்று குத்தினேன், துப்பிவிட்டது. இரண்டு சேர்த்துக் குத்தினேன், நூறு மீற்றர் ஓடியது. கடைசியில் ட்யூப் போடுவது என்று டயரைக் கழற்றினேன். ட்யூபை நேரே வைத்தால் அந்த வெட்டு வழியாகப் பிதுங்கி வெடிக்கும். சின்னத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் பால்மாப் பக்கெற் வாங்கி, மாவைக் கடைக்கார அம்மாவின் போத்தலிலேயே கொட்டிவிட்டு, உள்ளே வெள்ளி மினுங்குகிற அந்த உறையை நாலாக மடித்து வெட்டுக்கும் ட்யூபுக்கும் நடுவில் வைத்தேன். அந்த உறையோடு மிச்சம் 18 கிலோமீற்றர் ஓடி பண்டாரவளை ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். அன்று பின்னால் இருந்ததும் முதற்படி டயர்தான்.

ஆகவே மலைநாட்டுக்கும் போகிறவர் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது, பின்னுக்கு டபுள் டவுன், சூப்பர் கிராவிட்டி, கொன்டினென்டல் எண்டியூரோ, இந்த மட்டத்தில் ஒன்று. 250 கிராம் வரை கூடும். முதல் நாள் ஏற்றத்தில் அது காலில் தெரியும், மூன்றாம் கிழமை மறந்துவிடும். வெள்ளவத்தையில் இருந்தே மிதித்துக்கொண்டு அவிசாவளை வரைக்கும் தார் றோட்டில் போய்த் திரும்புகிறவர் கேட்டிருந்தால் ஒரு படி கீழே சொல்லியிருப்பேன். ஒரு பக்கத்துக்கே 50 கிலோமீற்றர் அளவுக்கு அந்தப் பாரத்தை வீணாக இழுப்பதில் அர்த்தம் இல்லை. நீங்கள் வானில் போகிறீர்கள், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இனிப் பூ. மாக்ஸிஸ் அக்ரெஸர் பின்டயராக நீடித்து உழைப்பதில் பெயரெடுத்தது. உருளும், தேயாது, டபுள் டவுனிலும் வருகிறது. ஆனால் அதன் பூ தாழ்வானது, நெருக்கமானது. தென்மேற்குப் பருவமழை விழுந்தபிறகு அவிசாவளைக் களிமண்ணில் அது அப்பம் சுட்ட சட்டி மாதிரி மழுமழு என்று ஆகிவிடும். எனக்குப் பிடித்தது மினியன் டி.எச்.ஆர் 2, 2.4 அகலத்தில். பூ உயரம், நடுவில் துடுப்பு மாதிரிக் குறுக்குப் பற்கள், ஈரத்தில் பிரேக் பிடித்தால் நிலத்தைத் தோண்டிக்கொண்டு நிற்கும். கொன்டினென்டலில் என்றால் கிரிப்டோட்டல் பின்டயர். ஷ்வால்பேயில் ஹான்ஸ் டாம்ப். இவற்றில் எது கைக்கு வருகிறதோ அது. ஒரே படியில் உள்ள இரண்டு நல்ல டயர்களுக்கு இடையிலான வித்தியாசம், காற்றழுத்தத்தை 3 பி.எஸ்.ஐ (அழுத்தத்தை அளக்கிற அலகு) கூடக் குறைய வைப்பதால் வரும் வித்தியாசத்தைவிடக் குறைவு.

இறப்பர் மென்மையா கடினமா என்பதும் ஒன்று இருக்கிறது. பின்னுக்குக் கடினமான கலவை எடுங்கள், முன்னுக்கு மென்மை. மாக்ஸிஸில் பின்னால் டுவல் அல்லது மாக்ஸ்டெரா, முன்னால் மாக்ஸ்டெரா அல்லது மாக்ஸ்கிரிப். ஷ்வால்பேயில் நிறக்கோடு போட்டிருக்கும், நீலம் ஸ்பீட்கிரிப், செம்மஞ்சள் சொஃப்ட், ஊதா அல்ட்ரா சொஃப்ட். ஊதாவைப் பின்னால் போட்டுக்கொண்டு காலி வீதித் தாரில் ஓடினால் அழிறப்பர் மாதிரித்தான், பார்த்துக்கொண்டிருக்கத் தேயும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது இன்னொன்று. இதில் நான் காசு விட்டிருக்கிறேன். ஒரே பெயரில் பல டயர்கள் இருக்கின்றன. மினியன், ஆர்டென்ட், நொபி நிக் என்று பக்கத்தில் பெரிதாக அச்சடித்திருக்கும். ஆனால் அதே பெயரில், றிம்மில் உட்காருகிற விளிம்புக்குக் கம்பி வைத்த மலிவு வகையும் வரும், மடிக்கக்கூடிய கெவ்லார் நார் விளிம்பு வைத்த ட்யூப்லெஸ் வகையும் வரும். முதல் வகை பெரும்பாலும் புதுச் சைக்கிளோடு கூட வருவது. பூ இரண்டிலும் ஒன்றுதான், உடம்பு வேறு. டாம் வீதிப் பக்கம் ஒரு கடையில் "இது ட்யூப்லெஸ் டயர்தான், ஒரிஜினல்" என்று தந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முழு மாலையும் கொம்ப்ரசரோடு மல்லுக்கட்டினேன். பக்கச்சுவர் முழுக்க வியர்வை மாதிரிப் பால் கசிந்துகொண்டே இருந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மாக்ஸிஸ் போடுகிற டி.ஆர் என்ற இரண்டு எழுத்து அதில் இல்லவே இல்லை. ட்யூப்லெஸ் ரெடி என்பதற்கான எழுத்து அது. ஷ்வால்பேயில் பழையதென்றால் டி.எல்.ஈ, புதியதென்றால் டி.எல்.ஆர். கடையில் டயரைக் கையில் வாங்கி, அந்த எழுத்தையும் கேசிங் பெயரையும் கண்ணால் பார்த்தபிறகு காசைக் கொடுங்கள். அப்படியே பூவின் அடியில் விரலால் வளைத்துப் பாருங்கள். கனகாலம் சூட்டில் கிடந்த டயர் என்றால் மயிரிழை மயிரிழையாக வெடிப்புத் தெரியும்.

கொழும்பில் இந்த மூன்றாம் படி டயர்கள் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் ஊரே சைக்கிளுக்கு மாறியது. அப்போது கடைகளில் நிறைந்ததெல்லாம் சாதாரணச் சைக்கிளும் அதன் சாமானும்தான். நம் ஆட்களின் வழக்கமான வழி உங்களுக்கும் தெரியும். லண்டனில் இருந்து மாமி வருகிறா, ரொறொன்ரோவில் இருந்து அண்ணன் வருகிறார், அவர்களின் சூட்கேசில் ஒன்று. கெவ்லார் விளிம்பு டயர் மடிபடும், 1.2 கிலோதான், சொக்லேட்டுக்குப் பதிலாகக் கேட்டுவிடலாம். ஆனால் கம்பி கட்டி இறுக்கி மடிக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விளிம்பு ஓர் இடத்தில் ஒடிந்தால் அந்த இடம் றிம்மில் ஒருபோதும் ஒழுங்காக உட்காராது. வந்து சேர்ந்ததும் விரித்து, ட்யூப் போட்டு இரண்டு நாள் காற்றோடு வைத்தால் மடிப்பு நேராகும்.

றிம்மின் உள்ளகலத்தையும் பாருங்கள். 30 மில்லிமீற்றர் என்றால் 2.4, 2.5 இரண்டும் பொருந்தும். உங்கள் சைக்கிளின் பின்முள்ளுக்கும் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற சட்டம்) டயருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைய இடம் இருக்கவேண்டும். களிமண் ஒட்டினால் அந்த இடமும் போய்விடும், பிறகு பெயின்ற் உரசி அலுமினியம் தெரியும்.

சரி, காற்று. கிழிந்த டயரைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப்பேர் "கட்டையாகத்தான் அடிச்சிருந்தேன்" என்பார்கள், மிச்சப்பேர் "கையால அமத்திப் பார்த்தேன்" என்பார்கள். இரண்டும் தப்பு. 40 பி.எஸ்.ஐ அடித்த டயர் கல்லில் ஏறி வளையாது, துள்ளும், பிறகு பக்கமாகச் சறுக்கி விளிம்போடு உரசும். 16 அடித்த டயர் கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு பக்கமும் வெட்டுப்படும். வளைவில் "பக்" என்று காற்றையும் துப்பும். உங்கள் எடைக்கு 2.4 டயரில் முன்னால் 22, பின்னால் 25 என்று தொடங்குங்கள். ஒரே பாதையில் இரண்டு மூன்று தடவை ஓடி, ஒவ்வொன்றாகக் குறையுங்கள். றிம் கல்லில் "டக்" என்று முட்டுகிற சத்தம் எப்போதாவது கேட்டால் 2 கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். பெரிய பம்மில் இருக்கும் 160 வரை போகிற மீற்றர் இந்த வேலைக்கு உதவாது, அதன் முள் நடுங்கும் தடிப்பே 3 பி.எஸ்.ஐ இருக்கும். குறைந்த அழுத்தம் காட்டுகிற சின்ன மீற்றர் ஒன்று தனியாக வாங்குங்கள்.

மலைக்குப் போகும்போது ஒரு வேடிக்கை நடக்கும். கொழும்பில் கடல்மட்டத்தில் 25 வைத்து நுவரெலியாவுக்கு ஏற்றினால், 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ அளவு குறைவு, ஆகவே டயரில் அவ்வளவும் கூடவேண்டும். ஆனால் அங்கே குளிர், குளிரில் உள்ளே இருக்கும் காற்றும் சுருங்கும். 30 பாகைச் சூட்டில் இருந்து 15 பாகைக்குப் போனால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று தின்றுவிடும், கடைசியில் ஒரு பி.எஸ்.ஐ கூடினால் அதிகம். எனக்கு இந்தக் கணக்குப் போடுவதில் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான். நீங்கள் இறங்கிய இடத்தில் மீற்றரை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது உள்ளே ஊற்றுகிற பால். சீலண்ட் என்று போத்தலில் எழுதியிருக்கும். இதை நான் விளங்கிக்கொண்டது ஒரு தொழிலாளியிடம் இருந்துதான். அவிசாவளைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் முள்ளை இழுத்துவிட்டு, பால் பீய்ச்சுகிற சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றேன். பால் வெட்டுகிற அக்கா ஒருவர் வாளியோடு வந்தவர், நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னாங்க தம்பி, ஒங்க சைக்கிளும் பால் கறக்குதா?" இறப்பர்ப் பால்தான் என்றேன். நம்பவில்லை. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார், உடனே முகம் மாறியது. "அட, அமோனியா வாட இருக்கே. நாங்களும் அதான் போடுவோம். போடலைன்னா ஸ்டோருக்குப் போறதுக்குள்ள கட்டியாப் போயிரும்." சிரட்டையில் சொட்டுகிற அதே சாமான்தான் நம் டயருக்குள்ளும் இருக்கிறது. ஆசியாவின் இறப்பர்க் கதை தொடங்கியதே 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளில் இருந்து என்பார்கள். அதன் பாலை வெளிநாட்டுப் போத்தலில் அடைத்து நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், அது வேறு கதை.

அந்த அக்கா சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது. பாலில் இறப்பர் துணிக்கைகள் தண்ணீரில் மிதக்கின்றன. அமோனியா அவற்றைச் சேரவிடாமல் வைத்திருக்கிறது. சீலண்டில் அதோடு சீக்கிரம் காயாமல் இருக்க கிளைக்கோல், ஓட்டையில் குறுக்கே சிக்கிக்கொள்ள நார் அல்லது துகள். முள் குத்தியதும் காற்று வெளியே விரைகிறது, பாலும் கூடப் போகிறது, ஓட்டையின் வாயில் காய்ந்து கட்டியாகி அடைக்கிறது. முள் ஓட்டைக்கு இது ஒன்றே போதும். தொட்டாச்சிணுங்கி முள், முள்ளுக்கம்பி, எல்லாம் சவாரி முடிந்து கழுவும்போதுதான் தெரியவரும். முள்ளுக்காகத் தடித்த டயர் வாங்குவது வீண் செலவு.

கொழும்புச் சூட்டில் பால் காய்ந்துபோகும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. குளிர்நாட்டுக்காரர் ஆறு மாதம் என்று எழுதுவதை நம்பி நாம் இருந்தால், ஒரு நாள் டயரைக் கழற்றும்போது உள்ளே காய்ந்த தோலும் இரண்டு மூன்று உருண்டையும்தான் கிடக்கும். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள். களக் களக் என்று சத்தம் வந்தால் சரி. வராவிட்டால் வால்வின் உள்ளூசியைக் கழற்றி அந்த வழியாகவே ஊற்றலாம். 29க்கு 2.4 அளவுக்குப் புதிதாகப் போடும்போது 100 முதல் 120 மில்லிலீற்றர், இடையில் ஊற்றும்போது அதில் பாதி. சைக்கிளை பால்கனியில் வெயில் படுகிற மாதிரி நிறுத்தாதீர்கள். கார்பன் டை ஒக்சைட் குப்பியால் காற்று நிரப்பினால் சில வகைப் பால் உள்ளேயே திரைந்துவிடும், ஸ்டோரில் அசிட் விட்டு உறைய வைப்பது போல. அவசரத்துக்குப் போட்டால் வீட்டுக்கு வந்ததும் புதுப்பால் ஊற்றவேண்டும். தோட்டத்தில் நூறு ரூபாவுக்கு ஒரு போத்தல் பால் வாங்கி ஊற்றிப் பார்த்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். ஊற்றியும் பார்த்தார். இரண்டு நாளில் நாறியது, நாலாம் நாள் டயருக்குள் ஒரு பந்து இருந்தது.

டயரை றிம்மில் ஏற்றி உட்கார வைப்பதற்கு வீட்டுப் பம் சிலநேரம் போதாது. விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு, மோட்டார் சைக்கிள் டயர்க்கடைக்கோ பெற்றோல் செட்டுக்கோ கொண்டுபோங்கள். மெல்லிய வால்வை அவர்களின் குழாயில் பொருத்த ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முறை "டக், டக்" என்று கேட்டால் விளிம்பு உட்கார்ந்துவிட்டது. குழாயைப் பிடித்திருக்கிற பெடியனிடம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், லொறிக்கு அடிக்கிற மாதிரி அடிக்கவேண்டாம் என்று. டயரின் பக்கத்திலும் றிம்மிலும் உச்ச அளவு எழுதியிருக்கும், இரண்டில் குறைந்ததைத் தாண்டக்கூடாது.

உள்ளே போடுகிற நுரை வளையம் பற்றியும் கேட்பீர்கள், குஷ்கோர் மாதிரி. றிம் நசுங்காமல் காக்கும், பாம்புக்கடியைக் குறைக்கும். கல் விளிம்பு பக்கச்சுவரை அறுப்பதை அது தடுக்காது. உங்கள் வியாதிக்கு அது மருந்து இல்லை.

பையில் திரியும் குத்துகிற ஊசியும் இருக்கட்டும். சைக்கிளுக்கென்று வருவது கிடைக்காவிட்டால் பஞ்சிகாவத்தையில் மோட்டார் சைக்கிளுக்கு விற்கிறார்களே, அந்தத் திரியை நீளவாக்கில் இரண்டாகக் கீறிப் பாவியுங்கள். முழுத் திரி சின்ன ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். ஒரு ட்யூப், பால்மா உறை அல்லது பழைய டயரில் வெட்டிய ஒரு துண்டு. ட்யூபை உள்ளே போடும் முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். பால் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் எல்லாம் உள்ளே தலை நீட்டிக்கொண்டு நிற்கும், துணியில் மாட்டும். விரலால் தடவினால் விரலில் மாட்டும்.

இப்போது கிழிந்து கிடக்கும் உங்கள் இரண்டு டயர்களையும் எறியவேண்டாம். வெட்டு விளிம்போடு ஒட்டியிருந்தால், அல்லது ஓர் அங்குலத்துக்கு மேல் நீளம் என்றால் கதை முடிந்தது. அதற்குள் என்றால் தைக்கலாம். என் ஹப்புத்தளை டயரைக் காலி வீதி நடைபாதையில் செருப்புத் தைக்கிற ஐயா ஒருவரிடம்தான் கொண்டுபோனேன். முதலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே காய்ந்திருந்த பால் தோலை நகத்தால் உரித்தார். பிறகு மெழுகு தடவிய நைலோன் நூலைக் கொக்கி ஊசியில் மாட்டி, வெட்டின் ஓரத்தில் இருந்து நாலு மில்லிமீற்றர் தள்ளித் தள்ளி, பெருக்கல் குறி மாதிரி ஏழு தையல் போட்டார். "இறுக்கி இழுத்தா நூலே டயர அறுக்கும்" என்றார், அதை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து உட்புறத்தை அரத்தாளால் தேய்த்து, டயர்க்கடையில் வாங்கிய தடித்த ஒட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டினேன். அந்த டயர் பின்னால் இன்னும் ஐந்து மாதம் பால் கசியாமல் ஓடியது. மலைக்கு மட்டும் கொண்டுபோகவில்லை.

உங்கள் றிம்மின் உள்ளகலம் எவ்வளவு என்றும், கிழிந்த இரண்டு இடத்தையும் கிட்ட எடுத்த படமும் அனுப்புங்கள். வெட்டு ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் கல்லா காற்றா என்று சொல்லிவிடலாம். இரண்டு டயரிலும் இரட்டை வெட்டு என்றால் புது டயர் வாங்க முன் அந்தச் சின்ன மீற்றரை வாங்குங்கள்.